அட்டையின்ர நரம்பும் சித்தப்பாவின்ர பெருவிரலும்

முல்லைத்தீவுப் பக்கமிருந்து ஒரு போன் கடைக்கு வந்தால், பின்மூடியைக் கழட்ட முதலே எனக்குத் தெரிஞ்சிடும் உள்ளுக்குப் பச்சை பூத்திருக்கும் எண்டு. கிணத்துக்குள்ள விழுந்த போனைக் காப்பாத்தலாம், மாரி மழையில நனைஞ்சதைக் காப்பாத்தலாம், ஒருக்கா உரப்பையோட சேந்து வாய்க்காலுக்குள்ள போய் ரெண்டு நாள் கிடந்த ஒரு பட்டன் போனைக் கூட எழுப்பினனான், ஆனா கடல் தண்ணி குடிச்ச போன் எண்டால் காசு வாங்க முதலே சொல்லிப்போடுவன், அண்ணை நம்பிக்கை வையாதேங்கோ எண்டு. அது தண்ணியால வாற கேடு இல்லை, உப்பால வாறது. பற்றறி பூட்டினபடி கிடக்க, உப்புக் கரைஞ்ச தண்ணிக்குள்ளால கறண்ட் தனக்கு விருப்பமான வழியில ஓடி, செம்பைத் திண்டு, ஐசியின்ர காலுகளுக்கு இடையில பாசி மாதிரிப் படர்ந்து போயிருக்கும். கிளிநொச்சி கரடிப்போக்குச் சந்திக்குக் கிட்ட போன் திருத்துற கடை போட்டுப் பதினாலு வருசம். இவ்வளவு காலமும் என்ன செய்தனி எண்டு ஆரும் கேட்டால், உப்புத் தண்ணியையும் போர்டையும் ஆளையாள் முகம் பாக்க விடாமல் வச்சிருந்தனான் எண்டுதான் சொல்லோணும்.

போன மாரியில ஒரு நாள் அறிவியல்நகரில இஞ்சினியரிங் படிக்கிற மருமகன் வந்து, "மாமா இதைப் பாருங்கோ" எண்டு ஒரு வீடியோவை நீட்டினான். கழுத்துக்குக் கீழ ஏலாத ஒரு பெடியன், மூளைக்குள்ள சிப் வச்சிருக்கினம், நினைக்க நினைக்கக் கொம்பியூட்டரில அம்புக்குறி ஓடுது. "இனி மூளையையும் சிப்பையும் நேரா கனெக்ட் பண்ணலாம் மாமா." நான் அப்பத்தான் ஒரு மீன்காரற்ற போனைத் திறந்து வச்சு, பிரஸ்ஸால அந்தப் பச்சையைத் தேச்சுக்கொண்டு இருந்தனான். வாயில வந்தது இதுதான்: "டேய், மூளைக்குள்ள இருக்கிறது உப்புத் தண்ணியல்லோ?" அவன் சிரிச்சான். நான் பகிடிக்குக் கேக்கேல்லை. ஆஸ்பத்திரியில ஏத்துற சேலைன் போத்திலில 0.9 வீதம் உப்பு எண்டு எழுதியிருக்கும், எங்கட ரத்தத்துக்கு அது ஒத்துப்போற அளவெண்டபடியாத்தான் ஏத்துகினம். அந்தத் தண்ணிக்குள்ள ஒரு ஐசி, அதுவும் வருசக்கணக்கா. எனக்கு மண்டைக்குள்ள ஏறேல்லை.

அந்த நேரம் வாங்கில இருந்த சித்தப்பா, அவ்வளவு நேரமும் பேப்பர் பாத்துக்கொண்டிருந்த மனுசன், கண்ணாடியைக் கழட்டிப்போட்டுக் கேட்டார்: "தம்பி, உதை எனக்குப் பூட்டினால் இந்தக் காலின்ர கடியை நிப்பாட்டலாமோ?"

இந்தக் கால் எண்டு அவர் காட்டினது பொய்க்காலின்ர சப்பாத்தை. 2003இல, சமாதான காலத்தில, பரந்தனுக்கு அங்கால காணி துப்பரவாக்கப் போன இடத்தில மிதிவெடி. முழங்காலுக்குக் கீழ நாலு விரற்கடை மிச்சம். வன்னியில இப்பிடி எத்தினை பேர், அதை நான் விளக்கத் தேவையில்லை. ஆனா இருபது வருசத்துக்கு மேலாகியும், மத்தியானம் சாப்பிட்டுச் சாய்ஞ்சால் இல்லாத பெருவிரலுக்குப் பக்கத்து விரலின்ர இடுக்குக் கடிக்கும் அவருக்கு. சேத்துக்குள்ள நிண்டால் வருமே சேத்துப்புண், அந்தக் கடி. சொறிய இடமில்லை. முதலில சித்தி அது பேய்க்கோளாறு எண்டு நூல் கட்டுவிச்சவ. அமெரிக்க உள்நாட்டுச் சண்டையில காலும் கையும் போன ஆக்களைப் பாத்த வெயர் மிச்சல் எண்ட டொக்டரும் 1870கள் தொடக்கத்தில இதுக்குப் பேய் உறுப்பு எண்டுதான் பேர் வச்சவர் எண்டு பிறகு படிச்சன், அப்ப சித்தியும் பெரிய பிழை விடேல்லை.

கண்ணாடி வச்சும் பாத்தனாங்கள். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில படிச்சு அமெரிக்காவுக்குப் போன ராமச்சந்திரன் கண்டுபிடிச்ச வழி, நல்ல காலைக் கண்ணாடிக்கு முன்னால வச்சு ஆட்டினால் போன கால் திரும்பி வந்த மாதிரி மூளை ஏமாறும். அலுமாரிக் கண்ணாடியைக் கழட்டி ரெண்டு கிழமை செய்தம். சில நாள் குறைஞ்சது. பிறகு மனுசனுக்கு அலுத்துப்போச்சு. "இது என்ர மற்றக் காலடா, எனக்குத் தெரியாதே" எண்டிட்டார்.

1991

அண்டைக்கு இரவு தொடங்கித் தேடினன். எனக்கு இங்கிலிஷ் கொஞ்சம் தத்தித் தத்தித்தான், மருமகனையும் கரைச்சல் குடுத்து வாசிச்சன். மூளைக்குள்ள போறதை விட்டிட்டு, ஆர் முதல் முதல் ஒரு உயிருள்ள நரம்பு செல்லை ஒரு சிலிக்கன் துண்டோட சேத்தது எண்டு பாத்தால், ஜேர்மனியில மியூனிக்குக்குப் பக்கத்தில மார்ட்டின்ஸ்ரீட் எண்ட ஊரில மாக்ஸ் பிளாங்க் ஆராய்ச்சி நிலையத்துக்குப் பிறகு போன பீட்டர் ஃப்ரோம்ஹெர்ட்ஸ் எண்டவரும் அவற்ற ஆக்களும் 1991இல செய்த வேலை ஒண்டு வருது. ஒரே ஒரு செல். ஒரே ஒரு ட்ரான்சிஸ்டர். அந்தச் செல்லை எடுத்தது எதில இருந்து எண்டு வாசிக்கேக்கதான் நான் கதிரையில நிமிர்ந்து இருந்தனான். அட்டையில இருந்து.

அட்டை எண்டால் இப்ப எல்லாரும் கடலட்டைப் பண்ணையைத்தான் நினைப்பினம், அது இல்லை, ரத்தம் குடிக்கிற அட்டை. இரணைமடு வாய்க்காலில எருமை படுத்தெழும்பின தண்ணிக்குள்ள நாங்கள் குளிச்சுப்போட்டு ஏற, தொடையில கறுப்பா ஒண்டு தொங்கும். அம்மம்மா ஒரு சிமிட்டா உப்பைப் போடுவா, அது சுருண்டு விழும். அந்தப் பிராணிக்கு உடம்பு நீளத்துக்கும் நரம்பு முடிச்சுகள் இருக்கு, எல்லாத்தையும் கூட்டினால் 32. நடு உடம்பில ஒவ்வொரு முடிச்சிலயும் ரெண்டு பெரிய செல், ரெட்சியஸ் செல் எண்டு ஒரு சுவீடன்காரற்ற பேரில சொல்லுகினம். பெரிசு எண்டால் ஒரு தலைமயிரின்ர தடிப்புக்குக் கிட்ட வரும், நரம்பு செல்லுக்கு அது யானை மாதிரி. எங்கட தலைக்குள்ள இருக்கிறது அதை விடக் கனக்கச் சின்னன், அந்தக் காலத்துச் சிப்புக்கு மேல வச்சுப் பிடிக்கிறது லேசில்லை. அதுதான் அட்டை.

1991இல நான் என்ன செய்தனான் எண்டு எனக்கு நல்லா ஞாபகம். பத்து வயசு. கறண்ட் இல்லை, பற்றறிக்குத் தடை, மண்ணெண்ணெய்க்குத் தடை, ஜாம் போத்தில் விளக்கில படிப்பு. பின்னேரம் சித்தப்பா சைக்கிளை ஸ்டாண்டில விட்டு ஏறி இருந்து மிதிப்பார், டைனமோவில இருந்து வயர் இழுத்து அப்பாவின்ர றேடியோ. சித்தப்பா களைச்சு மெதுவானால் பிபிசி தமிழோசை வாசிக்கிறவற்ற குரலும் களைச்சு இழுபடும், அப்பா கத்துவார், "மிதியடா!" எண்டு. அந்த றேடியோவுக்குள்ளயும் ட்ரான்சிஸ்டர்தான். அதே வருசம் அங்க ஒருத்தர் ட்ரான்சிஸ்டருக்கு மேல அட்டையின்ர நரம்பை வச்சிருக்கிறார். இதில பெரிய கருத்தெல்லாம் ஒண்டும் இல்லை, ஆனா எனக்கு அதைக் கடந்து போக ஏலாமல் இருந்தது.

சரி, எப்பிடிச் செய்தவை? இதிலதான் என்ர தொழில் புத்தி வேலை செய்தது. போன் போர்டில இருக்கிற மொஸ்பெட் எல்லாருக்கும் தெரியாது, ஆனா அதை ஒரு மதகு எண்டு நினைச்சால் சரி. ஒரு பக்கத்தால வந்து மற்றப் பக்கத்தால ஓடுற கறண்ட், நடுவில கேட் எண்டு ஒரு கால், அதில வோல்டேஜ் ஏறி இறங்க உள்ளுக்கு ஓடுற கறண்டும் கூடிக் குறையும். முக்கியமான விசயம், கேட்டுக்கும் ஓடுற கறண்டுக்கும் நடுவில கண்ணாடி மாதிரி ஒரு மெல்லிய ஒக்சைட் படை. கேட்டில இருந்து ஒரு துளி கறண்டும் உள்ளுக்கு இறங்காது, தள்ளுறது மட்டும்தான். இவை செய்தது என்னெண்டால், அந்தக் கேட்டின்ர உலோகத்தை எடுத்துப்போட்டினம். வெறும் ஒக்சைட். அதுக்கு மேல உப்புத் தண்ணி. தண்ணிக்குள்ள அட்டையின்ர செல். செல்லே கேட்.

எனக்குச் சிரிப்பு வந்திட்டுது. உப்புத் தண்ணியைத் தடுக்கிறதுக்கு நான் படாத பாடு படுறன், அவை தண்ணியைத் தடுக்கவே இல்லை, போர்டின்ர ஒரு பாகமாவே ஆக்கிப்போட்டினம். செம்பு இல்லை எண்டால் பச்சையும் இல்லை. மேல இருக்கிறது கண்ணாடி, கண்ணாடியை உப்பு என்ன செய்யும்? (செய்யும், கன காலம் கிடந்தால் அதையும் செய்யும், உடம்புக்குள்ள வைக்கிற சிப்புகளுக்கு இதே தலையிடிதான் எண்டு பிறகு வாசிச்சன்.)

ஒட்டவே இல்லை

ஆனா சந்தோசம் ரெண்டு நாள்தான். மூண்டாம் நாள் எனக்கு எரிச்சல். ஏனெண்டால் செல் சிப்பில ஒட்டவே இல்லை. ஒட்டின மாதிரித்தான் கிடக்கும், பசை மாதிரி ஒரு புரதம் பூசித்தான் இருத்துறவை, எண்டாலும் நடுவில ஒரு நீக்கல். அவையே அளந்து பாத்திருக்கினம், 50 நானோமீற்றரில இருந்து 100 மட்டில. தலைமயிரை ஆயிரமாப் பிளந்தால் ஒரு பங்கு. அந்த நீக்கலுக்குள்ளயும் உப்புத் தண்ணிதான்.

நரம்பு ஒருக்கா அடிச்சால், அதாவது ஒரு துடிப்புப் போனால், ஆயிரத்தில ஒரு செக்கன் மட்டில செல்லின்ர தோலுக்குள்ளால சோடியமும் பொட்டாசியமும் உள்ளுக்கும் வெளியிலயும் பாயும். செல்லுக்குள்ள கிட்டத்தட்ட 0.1 வோல்ட் துள்ளும். ஆனா சிப்புக்கு அது நேரா வராது. அந்த மெல்லிய நீக்கலுக்குள்ளால ஓடுற அயனிகள் நெருக்குப்பட்டு, அங்க ஒரு கொஞ்ச வோல்டேஜ் எழும்பும், ட்ரான்சிஸ்டருக்குத் தெரியிறது அதுதான். உள்ளுக்கு நடக்கிறதில சின்னப் பங்கு. பக்கத்து வீட்டில சண்டை நடக்க நாங்கள் வேலிக்கு இங்கால நிண்டு கேக்கிற மாதிரி. சத்தம் வருது, ஆர் கத்துறது எண்டும் தெரியுது, ஆனா வீட்டுக்குள்ள நாங்கள் இல்லை.

நான் மருமகனிட்டச் சொன்னன், இது கனெக்சன் இல்லையடா எண்டு. கனெக்சன் எண்டால் எனக்கு ஈயம். அயனைச் சூடாக்கி, ஃப்ளக்ஸ் போட்டு, ஈயம் உருகி ரெண்டு உலோகமும் ஒண்டாகி, மீற்றரை வச்சால் பீப் எண்டு அடிக்கோணும். அடிக்காட்டி ட்ரை சோல்டர், கஸ்டமர் அடுத்த கிழமை திருப்பிக் கொண்டு வருவான். இவை செய்தது உலகத்திலயே பெரிய ட்ரை சோல்டர். அவனுக்குப் பதில் சொல்லத் தெரியேல்லை. "ஆனா வேலை செய்யுதே மாமா" எண்டான். வேலை செய்யுதுதான். 1995இல அதே ஆக்கள் எதிர்ப்பக்கமாவும் செய்தினம், சிப்பில இருந்து வோல்டேஜ் துள்ளவிட்டு நரம்பை அடிக்கப் பண்ணினது, அதிலயும் கறண்ட் ஒண்டும் ஒக்சைட்டைத் தாண்டேல்லை, தள்ளினது மட்டும்தான்.

2001இல செய்த ஒண்டைச் சொல்லாமல் விட ஏலாது. இப்ப அட்டை இல்லை, குளத்து நத்தை. சிப்புக்கு மேல ஒண்டு ரெண்டில்லாமல் கொஞ்சச் செல்களை வச்சு, அதுகளே ஒண்டோட ஒண்டு கிளை விட்டுத் தொடுக்க விட்டு, சிப் ஒரு செல்லை அடிக்க, அது பக்கத்துச் செல்லுக்குக் கடத்த, அந்தச் செல்லின்ர துடிப்பைத் திருப்பிச் சிப் கேக்குது. சிலிக்கனில தொடங்கி ரெண்டு நரம்புக்குள்ளால போய்த் திரும்பச் சிலிக்கன். ஆனா ஒரு கரைச்சல், கிளை விட்டு வளரேக்க அந்த இழுவையில செல் தான் இருக்கிற இடத்தை விட்டு அரக்கிப் போயிடும், ட்ரான்சிஸ்டர் ஒரு பக்கம் செல் ஒரு பக்கம். அதுக்கு அவை என்ன செய்தினம் எண்டால் ஒவ்வொரு செல்லைச் சுத்தியும் குட்டிக் குட்டியாப் பிளாஸ்டிக் கட்டை நட்டினம். படத்தைப் பாத்த உடன சித்தப்பா சொன்னார், "கதியால்!" எண்டு. கதியாலேதான். நத்தையின்ர நரம்புக்குக் கதியால் வேலி. எங்கட வேலிக் கதியால் தானே தளிர்க்கும், அவையின்ரது தளிர்க்காது, அது ஒண்டுதான் வித்தியாசம்.

அதுக்குப் பிறகு எண்ணிக்கைதான் ஏறினது. இன்ஃபினியன் கொம்பனியோட சேந்து 2003இல வந்த சிப்பில ஒரு சதுர மில்லிமீற்றருக்குள்ள 16,384 கேக்கிற புள்ளி. 2022இல அவுஸ்ரேலியாவில எட்டு லட்சம் செல்லை ஒரு சிப்பில வளத்துப் பந்தடிக்கிற கேம் விளையாடப் பண்ணினம், அதைப் பற்றி யூடியூப்காரர் கத்தின கத்து போதும், நான் கத்தேல்லை. மருமகன் காட்டின வீடியோக்காரருக்கு 2024 தை மாசம் வச்சது 64 நூல், அதில 1,024 மின்முனை. வைகாசியில அதை வச்ச நியூராலிங்க் கொம்பனியே சொன்னது, கொஞ்ச நூல் மூளையை விட்டுப் பின்னுக்கு இழுபட்டுப் போச்சு எண்டு. நத்தையில நடந்ததுதான். உயிருள்ளது ஒரு இடத்தில நிக்காது. நான் மருமகனைப் பாத்து, பாத்தியே எண்ட மாதிரி ஒரு பார்வை விட்டன்.

நரம்புக்கும் நரம்புக்கும்

என்ர வாயை அடைச்சதும் அவன்தான். ஒரு கிழமை கழிச்சு வந்து, "மாமா, நீங்கள் சொல்லுற ட்ரை சோல்டர்தான் உங்கட உடம்பு முழுக்க" எண்டான். எனக்குக் கோவம். அவன் படம் கீறிக் காட்டினான். நரம்பு வந்து தசையில முடியுற இடம் இருக்கே, அங்க நரம்பு தசையைத் தொடாது. நீக்கல் இருக்கு. எவ்வளவு எண்டு கேட்டன். "50 நானோமீற்றர் மட்டில."

அதே அளவு.

கையில இருந்த அயனை ஸ்டாண்டில வச்சிட்டன். நரம்பு அந்த நீக்கலுக்குள்ள ஒரு ரசாயனத்தைத் துப்பும், அது உப்புத் தண்ணிக்குள்ளால நீந்திப் போய்த் தசையைத் தட்டும், தசை சுருங்கும். நான் இந்த எழுத்தைத் தட்டுற விரலும் அப்பிடித்தான். மூளைக்குள்ள நரம்புக்கும் நரம்புக்கும் நடுவிலயும் பெரும்பாலும் இதே கதை, அங்க நீக்கல் இன்னும் ஒடுக்கம். இதுக்காக ரெண்டு பெரிய மனுசர் அடிபட்டவை. இத்தாலிக்காரர் கொல்ஜி சொன்னார் எல்லா நரம்பும் ஒரே வலை, அறாத தொடுப்பு எண்டு. ஸ்பெயின்காரர் கஹால் சொன்னார் இல்லை, ஒவ்வொண்டும் தனித்தனி எண்டு. 1906இல ரெண்டு பேருக்கும் சேத்து ஒரே நோபல் பரிசைக் குடுத்தினம், மேடையிலயும் கொல்ஜி விட்டுக்குடுக்கேல்லை. பிறகு 1950களில எலக்ட்ரோன் மைக்ரோஸ்கோப் வந்து நீக்கலைக் கண்ணால பாத்தாப் பிறகு கஹால் சொன்னது சரி எண்டு முடிஞ்சுது. நான் நூறு வருசம் பிந்திக் கொல்ஜியின்ர கட்சியில நிண்டிருக்கிறன், ஈயம் ஈயம் எண்டு.

தசை எண்ட உடன இன்னொரு யோசினை. நரம்பின்ர துடிப்புத் தம்மாத்துண்டு, ஆனா ஒரு நரம்பு அடிச்சால் அதுக்குக் கீழ நூற்றுக்கணக்கான தசையிழை சேந்து அடிக்கும், அது தோலுக்கு மேலயே தெரியும். உடம்பே அம்ப்ளிஃபயர் வச்சிருக்கு. சிக்காகோவில டொட் குய்கென் எண்ட டொக்டர் இதைப் பிடிச்சு, கை ரெண்டும் போன ஒரு கறண்ட் வேலைக்காரருக்குக் கைக்குப் போன நரம்பு நுனிகளை நெஞ்சுத் தசையில கொண்டுபோய் விட்டவர். அவர் கையை மூட நினைக்க நெஞ்சுத் தசை துடிக்கும், அதைக் கேட்டு மெசின் கை மூடும். மூளைக்குள்ள சிப்பே இல்லை. அப்ப சித்தப்பாவுக்கு? கால்விரலை மடக்கிற தசைகள் விரலிலயோ இருக்கு? கெண்டைக்கால் ஆழத்தில எல்லோ தொடங்குது. நாலு விரற்கடையில கொஞ்சமாவது மிச்சம் இருக்காதோ.

செய்தன். ஏடி620 எண்டு சின்னச் சிக்னலைப் பெருப்பிக்கிற ஒரு ஐசி, கொழும்பில இருந்து எடுப்பிச்சது. 9 வோல்ட் பற்றறி ரெண்டு. ஈசிஜிக்கு ஒட்டுற ஸ்டிக்கர் மூண்டு, ரெண்டு கெண்டையில மிச்சத்தில, ஒண்டு முழங்கால் எலும்பில. (ஆரும் செய்து பாக்கிறதெண்டால் பற்றறியில மட்டும் செய்யுங்கோ, சுவர்ப் பிளக்கில போற ஒண்டையும் உடம்போட சேக்காதேங்கோ, இதை நான் பகிடிக்குச் சொல்லேல்லை.) சத்தத்துக்கு, மேல் தட்டில தூசு பிடிச்சுக் கிடந்த அப்பாவின்ர றேடியோவைத் திறந்து, அதுக்குள்ள இருக்கிற ஓடியோ பகுதிக்கு வயரைக் குடுத்தன். அது இன்னும் வேலை செய்யுது, பழைய சாமான்.

சித்தப்பா பொய்க்காலைக் கழட்டி வச்சிட்டு வாங்கில இருந்தார். கடைக்கதவு பாதி இறக்கி. முதலில வெறும் இரைச்சல், ஸ்டேசன் பிடிபடாத இரைச்சல். நான் சொன்னன், "சித்தப்பா, பெருவிரலை மடக்குங்கோ." அவர் என்னைப் பாத்தார். "எந்தக் காலின்ர?" "இல்லாத காலின்ர."

கண்ணை மூடினார். தகரக் கூரையில தூறல் விழுற மாதிரி ஸ்பீக்கர் சர்ர்ர் எண்டு இரைஞ்சுது. விட்டார், நிண்டுது. திரும்பவும் மடக்கினார், இரைஞ்சுது. எனக்குக் கையில மயிர் எழும்பி நிண்டுது, மருமகன் போனில வீடியோ எடுக்க வெளிக்கிட்டவன் எடுக்காமலே நிண்டான். வெளியில ஏ9இல ஒரு டிப்பர் போய்ச்சுது. சித்தப்பா ஒண்டும் சொல்லேல்லை, மடக்கிறதும் விடுறதுமா ஒரு தாளத்துக்குச் செய்துகொண்டிருந்தார், எனக்கு அந்தத் தாளம் எங்கயோ கேட்ட மாதிரி இருந்தது, கொஞ்ச நேரத்துக்குப் பிறகுதான் பிடிபட்டுது, அது மிதிக்கிற தாளம்.

இது நரம்பு இல்லை, தசை, எண்டு நான் சொல்லத் தொடங்கினன், அட்டை, நீக்கல், எல்லாம். அவர் கையைக் காட்டி மறிச்சார். "நான் இருபது வருசமாச் சொன்னனான் இருக்கெண்டு. நீங்கள் ஒருத்தரும் நம்பேல்லை."

கடி நிண்டதோ எண்டு கேட்டன். இல்லையாம். "கடி கிடக்கட்டும், மற்ற விரலையும் பாப்பம்." அதுக்குள்ள ஒரு பற்றறி இறங்கத் தொடங்கிச் சத்தம் மங்கிக்கொண்டு போச்சுது. நாளைக்கு வாங்கி வைக்கிறன் எண்டன். மனுசன் றேடியோவைப் பாத்தார், மூலைக்குள்ள நிண்ட என்ர சைக்கிளைப் பாத்தார்.

"டைனமோ இருக்கோடா உதில?"

இல்லை, இப்பத்தைய சைக்கிளுகளில எங்க டைனமோ. ஸ்டிக்கரைக் கழட்டுங்கோ, பொய்க்காலுக்குள்ள உறுத்தும் எண்டு சொன்னன், கேக்கேல்லை, அப்பிடியே பூட்டிக்கொண்டு வட்டக்கச்சி பஸ்ஸுக்குப் போட்டார்.